எஃப்-மூன்றை அழுத்தியது நான்தான், மச்சான்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். அங்கே நலம் என்று நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். என் வீட்டுச் சமையல் இப்போது உங்கள் வீட்டில்தானே நடக்கிறது. பார்சல் கம்பெனி உங்கள் ஊர்க் கிளைக்கு மாற்றல் போட்டுவிட்டது என்று சொல்லித்தான் அவள் பெட்டியோடு வந்து இறங்கியிருப்பாள். போட்டது கம்பெனி இல்லை, மச்சான். நான்.

எங்கள் கிளையில் இருப்பதெல்லாம் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். தலைமை அலுவலகத்துப் பெரிய கம்ப்யூட்டரோ எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. பழைய காலத்துப் பச்சை எழுத்து டெர்மினலைத் தவிர வேறு யாரோடும் அதற்குப் பேசத் தெரியாது. ஆகவே நம் கம்ப்யூட்டர் அந்த டெர்மினல் மாதிரி வேஷம் போட ஒரு மென்பொருள் வேண்டும், கிளை மேலாளரான நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று எனக்கு உத்தரவு. கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர் என்று உங்களுக்கு போன் போட்டேன். "மாப்ள, பழைய மெஷின்ல ஓடுமான்னு பாருங்க. அந்தப் பெரிய கம்ப்யூட்டர் பாஷை இதுக்குத் தெரியுமான்னு பாருங்க. முக்கியமா, பொத்தானெல்லாம் பழைய வேலையையே செய்யுதான்னு பாருங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? கலரை! ஒன்று எல்லா வேலையும் ஒழுங்காகச் செய்தது, ஆனால் பார்க்க அழுமூஞ்சி, தள்ளிவிட்டேன். இன்னொன்று நாம் கொட்டாவி விட்டால்கூட இணைப்பைத் துண்டித்தது. அடுத்ததில் வெளிர்நீலத் திரை, மஞ்சள் எழுத்து. பார்த்ததும் மயங்கிவிட்டேன். புக்கிங் வேலை முழுக்க உங்கள் தங்கைதானே செய்கிறாள்? "தினமும் இதுல அடிக்கிறது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். "பழகினா சரியாயிடும்" என்றேன். அந்த வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

பழைய டெர்மினலில் என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகும், இதிலோ அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. பழையதில் எஃப்-மூன்று என்றால் 'வேண்டாம், திரும்பு', இதில் எஃப்-மூன்று என்றால் 'ஆமாம், உறுதி'. பல் டாக்டருக்குப் போக வேண்டிய நாற்காலி ஒரு கோழிப்பண்ணைக்குப் போய்விட்டது. உட்கார வசதியாக இருக்கிறதாம், பண்ணைக்காரர் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். அதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். அன்றைக்கு அவள் திரையில் மாற்றல் விருப்பப் படிவம் திறந்திருந்தது. "ரெண்டே தட்டு, இவ்வளவுதான் விஷயம், பாரு"ன்னு அவ தோளுக்கு மேல கையை நீட்டி என்டரைத் தட்டினேன். போயே போச்சு. பதறிப்போய் எஃப்-மூன்றை அழுத்தினேன். 'மாற்றல் ஏற்கப்பட்டது' என்று நான் ஆசைப்பட்ட அதே மஞ்சளில் பளிச்சென்று வந்தது. உங்கள் ஊர்ப் பெயர் அதற்குள் எப்படி நுழைந்தது என்று இன்றுவரை புரியவில்லை, அதுவும் இந்தப் பாழாய்ப்போன மென்பொருளின் வேலையாகத்தான் இருக்கும். தலைமை அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தேன். "சிஸ்டம் ஏத்துக்கிச்சு சார், இனி நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். அவளும் சண்டை போடவில்லை. "உத்தரவு வந்தா போய்த்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, மச்சான். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் பேசி, இந்த மாற்றலை ரத்து பண்ண வையுங்கள். அந்த அழுமூஞ்சி மென்பொருளையே வாங்கிவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் தங்கைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே பார்த்து ஏதாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புத்தி கெட்ட மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் அவளிடமிருந்து போன். நான்தான் தெரியாம அனுப்பிட்டேன், மன்னிச்சிடுன்னு அழாத குறையாகச் சொன்னேன். அதற்கு அவள், "ஏங்க, அதுல ஊர் பேரை யார் அடிச்சதுன்னு நினைச்சீங்க?" என்றாள். "காலையிலேர்ந்து அடிச்சு வெச்சுட்டு, அனுப்ப மனசு வராம உட்கார்ந்திருந்தேன். நீங்க வந்து தட்டிட்டீங்க." ஆகவே மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை, யாரிடமும் பேச வேண்டாம். "திரும்பி வர்றியாம்மா?" என்று கேட்டேன். "பரவாயில்லையே, கேக்கத் தெரியுதே உங்களுக்கு" என்றாள். வர்றேன்னு மட்டும் சொல்லல, மச்சான்.