மாமனார் மீசையை எடுத்த மிஷின்

என் மாமனாரின் மீசையை எடுத்தவள் நான்தான். அதையும் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இல்லையென்று சாதிக்கவும் வழியில்லை. அதற்கான ஆதாரம் இன்றைக்கும் அவர் வீட்டு ஷோகேஸில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். பழனிப் பக்கம் கீரனூர்க்காரியான நான், கோயமுத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒரு பொருளின் மேல் லேசர் கோட்டை ஓடவிட்டு, அதன் மேடு பள்ளங்களை அப்படியே கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாண உருவமாக ஏற்றுவது எங்கள் தொழில். பெரும்பாலும் மோட்டார் பம்பின் பாகங்கள். (சொந்தக்காரர்கள் கேட்டால் "எக்ஸ்ரே மாதிரி" என்று சொல்லிவைத்திருந்தேன். உடனே முழங்காலை நீட்ட ஆரம்பித்தார்கள்.) அதே கம்பெனியில் திண்டுக்கல்காரரான சரவணனும் இருந்தார். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து, என் வீட்டில் அழுது புரண்டு சம்மதமும் வாங்கியாகிவிட்டது. பாக்கி அவருடைய அப்பா மட்டும்தான்.

அப்பா பெருமாள்சாமி தேங்காய் மண்டி வைத்திருந்தார். சரவணன் விஷயத்தைச் சொன்னதும், மண்டி ஆட்களுக்கும், தம்பி தங்கராசுவுக்கும், லோடு இறக்க வந்த லாரி டிரைவருக்கும் கேட்கும்படி மீசையில் கைவைத்துச் சபதம் போட்டிருக்கிறார்.

"சொந்தத்துல பொண்ணு இருக்கயில எங்கிட்டோ கிடக்கிறவளக் கட்டணுமாக்கும்? இந்தக் கல்யாணம் நடந்துச்சுன்னா நான் மீசைய எடுத்துக்கிறேன்டா!"

அது லேசுப்பட்ட மீசை இல்லை. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டிப் போய், காதை விசாரித்துவிட்டுத் திரும்பி வரும். தலை சுத்தமாக வழுக்கை. புருவம் பஞ்சாக வெளுத்திருந்தது. மீசை மட்டும் கன்னங்கரேல். ஏன் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவு செத்த நேரம் கூடுதலாகச் சாத்தியிருக்கும், அம்புட்டுத்தான்.

சரவணனின் அம்மா மரகதம் எங்கள் கட்சி. அவர்தான் போனில் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

"அவுகளுக்கு அறுபதாங் கல்யாணம் வருதுல்ல? செலை செய்ய அளவெடுக்க வந்த கம்பெனிப் பொண்ணுன்னு வந்துரு. ஒன்னயப் பாத்துப் பேசிட்டா மனசு எறங்கிரும். பெறகு நான் மெதுவாச் சொல்லிக்கிறேன். ஆனா ஆத்தா, அவுகள ஐயான்னே கூப்பிடு. வாய் தவறி மாமான்னு சொல்லித் தொலைச்சிராத."

"சரிங்க அத்தை, அதெல்லாம் நான் பார்த்துக்கறேனுங்க" என்றேன். (பார்த்த லட்சணத்தைப் பின்னால் சொல்கிறேன்.)

மேனேஜரிடம் கெஞ்சி மிஷினை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். கூடத்தில் பாதிச் சொந்தம் கூடியிருந்தது. முகத்தை மிஷின் வைத்துப் படம் பிடிப்பதை யார்தான் விடுவார்கள்? பெருமாள்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"கீரனூருங்க ஐயா."

"பாத்தியளா, எம்புட்டு மரியாதையாப் பேசுது! நம்ம வீட்லயும் இருக்குதுகளே" என்று மகனைப் பார்த்தார். சரவணன் பவ்யமாகத் தலைகுனிந்தார். எனக்குள் நாதஸ்வரமே வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் தொழில் சமாச்சாரம் ஒன்று சொல்லியாக வேண்டும். பளபளப்பும் கறுப்பும் லேசருக்கு ஆகாது. பளபளப்பு வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும். கறுப்பு அதை விழுங்கிவிடும். அந்த இடத்தில் கம்ப்யூட்டருக்கு எதுவுமே தெரியாது. அதனால் பம்ப் பாகங்களுக்கு வெள்ளைப் பொடி தூவுவோம். இவருக்காக முகப் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்திருந்தேன்.

வழுக்கைக்குப் பவுடர் போட மறு பேச்சில்லாமல் தலையைக் காட்டினார். டப்பா மீசைப் பக்கம் இறங்கியதும் கையைத் தட்டிவிட்டார்.

"மீசையில கை வைக்காத. வெள்ளையாக்கிப்புடுவ."

"அப்பத்தானுங்க ஐயா வரும்."

"அதெல்லாம் தன்னால வரும். மண்டியில ரெண்டு தெரு தள்ளி நின்னாலே என் மீசை தெரியும். ஒம் மிஷினுக்குத் தெரியாதாக்கும்?"

அப்போதே நான் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். மாமனாராகப் போகிறவரை எதிர்த்துப் பேச வேண்டாமே என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாக லேசரை ஓட்டினேன். சிவப்புக் கோடு நெற்றியிலிருந்து தாடை வரை இறங்கியது. "அண்ணே, மூச்ச மெதுவா விடுங்க, கோடு ஆடுது" என்று தங்கராசு சித்தப்பா மேற்பார்வை பார்த்தார்.

எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்த்தேன். நெற்றி பிரமாதம். மூக்கு அச்சு அசல். மூக்குக்குக் கீழே மட்டும் எலி கடித்த மாதிரி ஒரு பெரிய ஓட்டை. பின்னால் அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பதற்றத்தில், ஆபீஸ் பழக்கத்தில், ஓட்டையை அடைக்கிற பட்டனை அமுக்கித் தொலைத்தேன். கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்தது. மேலுதட்டை வழுவழுவென்று இழுத்து மூடிவிட்டது.

திரையில் மொட்டைத் தலையும் மூடிய கண்ணும் மழித்த உதடுமாக ஓர் உருவம் மெதுவாகச் சுற்றியது.

"அண்ணே, பழனிக்குப் போயி மொத்தமாக் குடுத்துட்டு வந்தாப்புல இருக்கீகளே!" என்றார் சித்தப்பா.

பெருமாள்சாமி எழுந்து வந்து பார்த்தார். "எங்க என் மீசை?"

மிஷினைக் காப்பாற்றுவதா, என்னைக் காப்பாற்றுவதா என்று புரியாமல் உளறிக் கொட்டினேன்:

"மிஷின் மேல தப்பு இல்லீங்க மாமா! நரைச்ச மீசையா இருந்தா நல்லா வந்திருக்குமுங்க. நீங்க டை அடிச்சிருக்கீங்கல்ல, அந்தக் கறுப்பு வெளிச்சத்தைக் குடிச்சுப்போடுதுங்க. அதுக்குத்தான் மாமா பவுடர் போடலாம்னு சொன்னேன்!"

ஒரே மூச்சில் இரண்டு குண்டு. இத்தனை வருஷம் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றைச் சபையில் போட்டு உடைத்தாகிவிட்டது. அதோடு மாமா என்று ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

"மாமாவா?" என்றார் அவர். "யாருக்கு யாரு மாமா? ஏலே சரவணா, யாருடா இது?"

சரவணன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். (இவரை நம்பித்தான் வீட்டில் அழுது புரண்டேன்.) எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மிஷினைப் பெட்டியில் வைக்கக் குனிந்தேன்.

"கூட்டுக் களவாணிகளா! நான் அன்னைக்கே என்ன சொன்னேன்? இந்தக் கல்யாணம் நடந்துச்சுன்னா..."

"மீசைய எடுத்துக்கிறேன்னு சொன்னீக" என்றார் மரகதம் அத்தை, சமையலறை வாசலில் நின்றபடி. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்து திரையைக் காட்டினார். "அதேன் எடுத்தாச்சே. சொந்தபந்தமெல்லாம் பாத்துச்சு. இனிக் கல்யாணத்த நடத்தலைன்னாத்தேன் உங்க வாக்கு பொய்யாப் போகும்."

தங்கராசு சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அடக்கிப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெருமாள்சாமி சிரிக்கவில்லை. வழுக்கையில் பவுடரோடு நின்று, சுற்றுகிற தன் முகத்தையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பவுடரப் போட்டு மறுபடி எடுத்தா மீசை வந்துருமா?"

"வந்துருமுங்க மா... ஐயா."

"அதான் மாமான்னுட்டீல்ல, அப்படியே சொல்லு." நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். "மறுபடி ஒண்ணும் எடுக்க வேணாம். செலைய இப்படியே செய்யி. நான் சொன்னாச் சொன்னதுதேன்."

அப்புறம் எனக்கு அழுகை நிற்கவே இல்லை. "மீசை போனது எனக்கு, நீ எதுக்கும்மா அழுகுற?" என்று அவர் கேட்டதும்தான் சிரிப்பு வந்தது.

கம்பெனியில் மரக்கட்டையில் குடைந்து கொடுத்த அந்தச் சிலை, மீசை இல்லாமலே இன்றும் ஷோகேஸில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் "எந்தச் சாமியாருங்க?" என்று கேட்டால், மாமா கரிய மீசையைத் தடவிக்கொண்டே, "நான்தேன். மருமகளுக்காக எடுத்தது" என்பார். இப்போதெல்லாம் டையை ஒளிவுமறைவாக அடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஏம்மா, அந்த லேசர் புடிக்காத டப்பாவ எடுத்தா" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவார்.

சபதம் போடுகிற பழக்கத்தைத்தான் விடவில்லை. கிரிக்கெட்டோ எலெக்‌ஷனோ, "அது மட்டும் நடந்துச்சுன்னா நான் மீசைய..." என்று ஆரம்பிப்பார். அத்தை உடனே அடுப்படியில் இருக்கும் என்னைப் பார்த்து, "கவிதா, அந்த மிஷின எடுத்துட்டு வா" என்று குரல் கொடுப்பார். மாமாவின் கை தன்னால் மேலே போய் மீசையைப் பொத்திக்கொள்ளும்.