அண்டாக்களை எடுத்துப் போக வரவும்

அன்பும் மரியாதையும் கலந்து அண்ணன் சின்னத்தம்பி அவர்களுக்கு,

சிங்கப்பூர் ஆங் மோ கியோவிலிருந்து தங்கை வைதேகி எழுதுவது. இடது முட்டி நீங்கலாக உங்கள் மாப்பிள்ளை நலம். நானும் நலம். ஜோகூரில் தாங்களும் அண்ணியும் நலமென நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அண்ணி அதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார்கள், ஆகவே இந்தத் தபால். விஷயம் இதுதான். நம் சமையல் கடையை இந்த மாதத்தோடு மூடுகிறோம். பெரிய அண்டாக்கள் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துச் செல்லவும். இனி நான் வண்டி ஓட்டுவதாக இல்லை. இது உறுதி.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் கிளட்சையே மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நம்ம வேனோ கியர் வண்டி. லிட்டில் இந்தியா கடைகளுக்குப் பதினொரு மணிக்குச் சாப்பாடு போயாகணும். ஓட்டிக்கிட்டிருந்த ஆளும் மாசக் கடைசியில நின்னுக்கறார். என்கிட்ட இருக்கறது கியர் மாத்த வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி லைசென்ஸ், கியர் வண்டிக்குத் தனியா டெஸ்ட் பாஸ் பண்ணணும். நான் கத்துக்கறேன்னு சொன்னதுக்கு உங்க மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "கியரெல்லாம் உனக்கு வராது வைதேகி. நான் ஒரே தடவையில பாஸ் பண்ணவன்லா." கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமா இந்த ஒரே தடவைய கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. சுர்ருனு ஏறிடுச்சு எனக்கு. மறுநாளே போய்ப் பேர் கொடுத்துட்டேன்.

முதல் பாடத்துல பன்னிரண்டு தடவை வண்டி ஆஃப் ஆச்சு. சொல்லித்தந்த அர்ஃபான் நல்ல பையன், பதினொண்ணு வரைக்கும் "பரவால்ல ஆன்ட்டி"ன்னான், பன்னிரண்டாவதுக்குத் தண்ணி குடிக்க இறங்கிப் போயிட்டான். சிராங்கூன் ரோட்டு சிக்னல்ல பச்சை விழுந்து திரும்ப சிவப்பு விழுந்தும் நான் அங்கேயே நிக்கறேன், பின்னால பஸ்ஸு ஹாரன் அடிக்குது, நம்ம சாப்பாட்டுக் கஸ்டமர் முத்துராமன் நகைக்கடை வாசல்லேர்ந்து கை வேற ஆட்டறார், நான் அவருக்குப் பதிலுக்கு ஆட்டறதா, கியரைப் போடறதா? கையும் காலும் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டேங்குது. கரண்டியால சாம்பாரை ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு கிண்டறேன். மத்தியானம் கண் அசந்த நேரத்துல இடது காலால ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன், அது நேரா இவரோட ஆபரேஷன் முட்டியில போய் விழுந்துச்சு. அவர் போட்ட கத்தல்ல எதிர்வீட்டு அனிதா கதவைத் தட்டிட்டா. ஆனா ஒண்ணு அண்ணே, அந்த செகண்டுலேர்ந்து தேர்டு விழும் பாருங்க, டக்குனு, வெண்ணெய் மாதிரி! ஆட்டோமேட்டிக் வண்டின்னா லிஃப்டுல நிக்கற மாதிரிதான், அது பாட்டுக்குப் போகும். இது நான் சொன்னாத்தான் போகும். ஐம்பத்திரண்டு வயசுல நான் சொல்லி ஒண்ணு கேக்குதுன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

நேத்து டெஸ்ட். காலையில அம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணி, ஐயர் கொடுத்த எலுமிச்சம்பழத்தைப் டெஸ்ட் வண்டியில முன்கண்ணாடிக்குக் கீழ பத்திரமா வச்சேன். புது வண்டிக்குச் சக்கரத்துல வைக்கறோம்ல, டெஸ்டுக்கு மேல வச்சா என்ன? எஸ் மாதிரி வளைஞ்ச ரோடு பிரமாதம், பார்க்கிங் பிரமாதம். மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். வண்டி மூக்கைத் தூக்குச்சா, பழம் உருண்டு என் மடியில விழுந்து, அங்கேர்ந்து கீழ போயிடுச்சு. ஹேண்ட்பிரேக்கை எடுத்துக் கிளட்சை விட்டேன், ஆஃப். திரும்ப மிதிக்கறேன், கிளட்ச் கீழ போகவே மாட்டேங்குது, பழம் போய் அதுக்கடியில உட்கார்ந்துக்கிச்சு! வண்டி பின்னால உருள, பக்கத்துல இருந்த டெஸ்டர் அங்கிள் அவர் பக்கம் இருக்கற பிரேக்கை மிதிச்சு நிறுத்தினார். குனிஞ்சு நசுங்கின பழத்தை எடுத்தார். "இது என்ன?"ன்னார். "பாதுகாப்புக்கு சார்"ன்னேன். அவர் பழத்தை என் கையில கொடுத்துட்டு ஃபெயில்னு எழுதிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் கிண்டல் பண்ணியிருந்தா ரெண்டு வார்த்தை திட்டி மனசை ஆத்திக்கிட்டிருப்பேன். "கடைய மூடிடலாம் வைதேகி"ன்னு மெதுவா சொல்லிட்டு முட்டியைத் தடவிக்கிட்டு உட்கார்ந்துட்டார். அதான் எனக்குத் தாங்கல. அழுதுட்டேன்.

ஆகவே அண்டாக்களை எடுத்துக்கொள்ளவும். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். அம்மன் அருளால் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள் தங்கை,
வைதேகி

பி.கு.: அண்டாவை எடுக்க வராதீங்க! ஸ்டாம்ப் வாங்கிட்டு வந்து பார்த்தா இவர் இந்தக் கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிக்கறார். "சின்னத்தம்பிக்கா எழுதற? அவனுக்குத்தான் தெரியுமே"ன்னார். என்ன தெரியும்னு பிடிச்சுக் கேட்டேன். இவரும் மேட்டுல பின்னால உருண்டு நாலு தடவை ஃபெயிலாமே! அஞ்சாவதுலதான் பாஸாமே! நாலு தடவையும் உங்க தோள்ல சாஞ்சுதான் அழுதாராமே! இருபத்தெட்டு வருஷம் அண்ணே, வாயத் திறந்தீங்களா? யாரோ கேன்சல் பண்ண இடத்துல இருபத்தாறாம் தேதிக்கு அவரே எனக்கு டெஸ்ட் போட்டுக் கொடுத்துட்டார். இப்ப கீழ கார்பார்க்குல, நிக்கற வேனுல, கட்டுப் போட்ட காலோட பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, "வா, எஞ்சின் போடாம ஃபர்ஸ்ட் போட்டுக் காமி"ன்னு போன் மேல போன் அடிக்கறார். இருபத்தேழாம் தேதி உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி நானே ஓட்டிக்கிட்டு வந்து உங்க வீட்டு மேட்டுல நிறுத்தறேன். வாசல்ல நில்லுங்க, உங்ககிட்ட பேச வேண்டியது நிறைய இருக்கு. வரவேற்கறேன்னு எலுமிச்சம்பழத்தை மட்டும் தூக்கிக்கிட்டு வராதீங்க.