ஒரு மூச்சில் நாலைந்து மூச்சு

ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் வாலிபத்தில் பெரிய காஞ்சிபுரம் முழுக்கப் பேசப்பட்ட என் மூச்சு, நியாயமாகப் பார்த்தால் ஒரு மூச்சு அல்ல, நாலைந்து மூச்சு.

சடுகுடுவில் எதிராளிகளின் கோட்டுக்குள் போகிறவன் ஒரே மூச்சில் பாடித் திரும்ப வேண்டும். நான் பாடும்போது தலையை இடமும் வலமும் ஆட்டுவேன். ஜனங்கள் அதை ஸ்டைல் என்றார்கள். ஒவ்வொரு ஆட்டலுக்கும் மூக்கு வழியாக ஒரு சிட்டிகை காற்றைத் திருடிக்கொள்வேன். (நடுவர்கள் வாயைத்தான் கவனிப்பார்கள். மூக்கை யார் பார்த்தது?)

எழுபதுகளின் தொடக்கத்தில் மாநில அணித் தேர்வுக்குக் கடிதம் வந்தது. பாக்கி இருந்தது ஒரே இடம். தேர்வானால் சர்க்கார் வேலை நிச்சயம் என்று, தெருவில் தறிக்குப் பாவு போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும் அப்பா சொல்லிவிட்டார். கடிதத்தின் கடைசி வரியை அவர் படிக்கவில்லை. ‘வீரர்களின் நுரையீரல் பரிசோதிக்கப்படும்.’

அதைப் படித்தவன் நான் மட்டும்தான். பத்து நாள் அடுப்படியில் உட்கார்ந்து ஊதாங்குழலில் பயிற்சி எடுத்தேன்.

“இன்னாடா, திடீர்னு அம்மா மேல இம்மாம் பாசம்?” என்றாள் அம்மா.

அடுப்பு ஜெகஜோதியாக எரிந்தது, சோறு அடிப்பிடித்தது, மூச்சு மட்டும் வளரவில்லை.

பரிசோதனை ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில். தண்ணீர் நிரப்பிய டிரம், அதிலிருந்து ரப்பர் குழாய். மூக்கில் க்ளிப் மாட்டிக்கொண்டு ஊதினால் உள்ளே இருக்கும் டப்பா மேலே எழும்பும். அதே இடத்துக்குப் போட்டியிட்ட முசரவாக்கம் மாணிக்கம் ஊதினான். டப்பா துள்ளி எழுந்து நின்றது. நான் ஊதினேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. பதற்றத்தில் க்ளிப்பைப் பிடுங்கினேன். அது கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. உள்ளூர ஒரு நிம்மதி.

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம் பாடுற ஆளு நீதானேப்பா?”

“ஆமா சார். ஊதறது வேற, பாடறது வேற சார்.” (வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.)

“அப்ப பாடிக் காட்டு. க்ளிப் போனா என்ன, யாராவது இவன் மூக்கைப் புடிங்கப்பா.”

“நான் புடிக்கிறேன் சார்,” என்று முன்னால் வந்தான் மாணிக்கம். “ஆறு வருசமா இவனப் புடிக்கணும்னுதான் சார் அலைஞ்சிக்கினு இருக்கேன்.”

ஏர் பிடித்த விரல்கள். பாடத் தொடங்கினேன். பழக்க தோஷத்தில் தலை ஆடியது. மாணிக்கத்தின் கையும் கூடவே ஆடியது. காற்றுதான் வரவில்லை. பதினோராவது சடுகுடுவில் எனக்கு இரண்டு டாக்டர்கள் தெரிந்தார்கள். வாயைப் பிளந்தேன்.

“சார், வுட்டுடலாமா?”

“வுட்டுடுப்பா, பையன் நீலமா ஆவறான்.”

என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு டாக்டர் ஆறுதலாகச் சொன்னார்: “பயப்படாத. நுரையீரல்ல ஒரு கோளாறும் இல்ல. சாதாரண மனுஷனோட நுரையீரல்.”

அதைவிடப் பெரிய வசவை நான் இதுவரை வாங்கியதில்லை.

இடம் மாணிக்கத்துக்குப் போனது. சர்க்கார் வேலையும் அவன் பின்னாலேயே போனது. அப்பா ஒரு மாதம் தெருவை விட்டுச் சந்து வழியாகவே போய்வந்தார். மரியாதைக்கு மாணிக்கத்தை என் கல்யாணத்துக்கு அழைத்தேன். அவன் பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து, “ஆபீசில் வேலை ஜாஸ்தி, அதான் லேட்டு” என்று நான் வாசலில் ஆரம்பித்தால் போதும். அவள் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு வந்து என் மூக்கைப் பிடிக்கிறாள்.

“எங்க, இப்ப சொல்லுங்க.”