மாமியார் சாமான் வரிசையில் ஒரு கருப்பை

கல்யாண வீட்டில் எந்தப் பொருளையும் கீழே வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கண்ணை எடுத்தால் போதும், யாராவது வந்து அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார்கள். செட்டிநாட்டுக் கல்யாண வீடென்றால் கேட்கவே வேண்டாம். பொட்டு வைத்ததோடு விடாமல், தூக்கிக்கொண்டுபோய் வரிசையில் அடுக்கியும் விடுவார்கள்.

நான் வைத்தது ஒரு கருப்பை.

(பதறாதீர்கள். காகிதக்கூழில் செய்தது.)

அப்போது நான் காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்த புதிது. உலகத்தைத் திருத்தவே நம்மை அனுப்பியிருக்கிறார்கள் என்ற நினைப்பு உச்சந்தலை வரை ஏறியிருந்த காலம். எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார் இனப்பெருக்கத்தைச் செம்பருத்திப் பூவோடு முடித்துக்கொண்டவர். மகரந்தம், சூலகம், வண்டு, அவ்வளவுதான். அதற்கடுத்து வரும் மனிதர்களைப் பற்றிய பாடத்தை, "இத வீட்ல படிச்சுக்கங்கடா" என்று ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார். வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஆத்தா புத்தகத்தையே பிடுங்கிவிடுவார். கல்லூரி போகும்வரை மனித குலமும் வண்டுகளை நம்பித்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தால் அது என் குற்றமா?

இத்தனைக்கும் நம் முன்னோர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. பிள்ளை பெறும் பெண்ணையே கோயில் தூணில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போய்க் கும்பிட்டுவிட்டும் வருகிறோம். "கல்லில் செதுக்கியதைக் கரும்பலகையில் வரையக் கூடாதா?" என்று தலைமையாசிரியை அம்மாவிடம் நான் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி சார், கண்காட்சிக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாங்க, பாப்போம்" என்றார். திங்கட்கிழமை கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் அக்கா மீனாவுக்குக் கல்யாணம்.

புத்தியுள்ளவன் கண்காட்சியை விட்டிருப்பான். நான் கல்யாண வேலையை விட்டேன்.

இடுப்பளவு உயரத்தில் செய்தேன் ஐயா அதை! காகிதக்கூழில் உடல், வளைத்த தோட்டக்குழாயில் இரண்டு பக்கமும் கருக்குழாய்கள், அவற்றின் நுனியில் விரல்கள் போல விரிவதற்குப் பிளாஸ்டிக் பூவின் இதழ்கள். சினைப்பைகளுக்குத் தங்க நிறம் அடித்தேன். (ஏன் தங்கம் என்று கேட்காதீர்கள். பீரோவுக்கு அடித்தது மிச்சம் இருந்தது.) முன்பக்கம் கீல் வைத்து ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளே சிவப்பு வெல்வெட். மாதாமாதம் தடித்து உதிரும் உள்சுவரை அப்படிக் காட்டியிருந்தேன். தூர நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. சரவிளக்கு வந்த வெளிநாட்டு அட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் வைத்து மூடி, கல்யாணம் நடக்கவிருந்த எங்கள் நாச்சியாபுரத்து வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் வைத்தேன். அந்த அறையில்தான் கல்யாணச் சாமான்களும் இருந்தன என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மீனா அக்காவுக்கு அதற்கு முன்பு ஒரு சம்பந்தம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றும் நேரத்தில் நின்றுபோனது. பந்தியில் யாரையோ சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு சொல் வந்தது. அந்த ஒரு சொல்லில் எல்லாம் போனது. அக்கா அதற்குப் பிறகு வெகுநாள் கோயிலுக்குக்கூட வெளியே வரவில்லை. இப்போது அரியக்குடியிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் முகூர்த்த நாள் காலையில் அப்பச்சி எங்களை எல்லாம் நிற்க வைத்து, "சம்மந்தி வீட்டு வாயிலருந்து இன்னைக்கு ஒரு சொல் வந்துறக் கூடாது. மீனா தாங்க மாட்டா" என்றார். சொல்லும்போது என்னை மட்டும் பார்த்தார். பெற்றவருக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லாம் முகப்பிலும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவிலும் பரப்பி வைப்பார்கள். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான், பாய், பெட்டி என்று நடக்க இடமிருக்காது. அதில் மாமியாருக்கென்று தனி வரிசை உண்டு. மாமியார் சாமான். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் போய் நிற்பார்கள். இந்த இலாகா முழுக்க அழகம்மைச் சின்னாத்தா கையில் இருந்தது. ஆத்தாவின் தங்கை. அவர் நடந்து வந்தால் பாத்திரங்கள் தாமாகவே நேராக நிற்கும்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்குப் போகும் வழியில் என் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டாங்கட்டுக்குப் போனேன். பெட்டி இருந்தது. கருப்பை இல்லை.

பழைய காலத்துக் கிரேக்க வைத்தியர்கள், பெண்ணின் கருப்பை உடம்புக்குள் இஷ்டத்துக்கு ஊர் சுற்றும் என்று நம்பினார்களாம். கல்லூரியில் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு என் கருப்பை வீட்டையே சுற்றக் கிளம்பியிருந்தது.

ஓடினேன். மாமியார் சாமான் வரிசையின் நட்டநடுவில், இரண்டு வெள்ளிக் குத்துவிளக்குகளுக்கு மத்தியில், அது நின்றது. நெற்றியில் பொட்டு. இரண்டு கருக்குழாய்களிலும் மல்லிகைச் சரம். கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஒரு வெள்ளிப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

"சின்னாத்தா! இத எதுக்கு எடுத்து வச்சீக?"

"பெட்டிக்குள்ளயே கெடந்துச்சுடா. நல்லவேளை நான் பாத்தேன். பாரின் சாமான் போல. உள்ள வெல்வெட்டெல்லாம் போட்டு என்னமா செஞ்சிருக்கான்! சும்மா இருந்தா நல்லாருக்காதுன்னு பிள்ளையார வச்சேன்."

"இது என்னோடது, பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சது. நான் எடுத்துக்கறேன்."

"கைய எடு! பரப்புன சாமான எடுத்தா வீட்டுக்கு ஆகாது. அதுவும் பிள்ளையார் உக்காந்திருக்காரு!"

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் பூச்சாடி என்றார். இன்னொருவர், கொம்பைப் பார்த்தால் தெரியவில்லையா, ஆட்டுக்கிடாய்த் தலை என்றார். பர்மாவில் இருந்தவர் வீட்டு ஆச்சி ஒருவர், இந்த மாதிரி ரங்கூனில் நிறைய உண்டு, விலைதான் கட்டுப்படியாகாது என்று அடித்துச் சொன்னார். (எங்கள் சனத்தில் அக்காவும் ஆச்சிதான், அடுத்த வீட்டு அம்மாவும் ஆச்சிதான். கூட்டத்தில் 'ஆச்சி' என்று கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்புவார்கள்.) நாலைந்து பேர் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போட்டோக்காரர் கீழே உட்கார்ந்து, மேலே நின்று, சாய்ந்து, எல்லாக் கோணத்திலும் அதை எடுத்துத் தள்ளினார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் என்னைவிட அதற்குத்தான் படம் அதிகம்.

அப்போதுதான் சம்பந்தி உமையாள் ஆச்சி வந்தார். மாப்பிள்ளையின் தாயார். பேச்சு குறைவு, பார்வை அதிகம். வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நேராக அதன் முன்னால் நின்றார். கதவை மூடினார், திறந்தார். தங்கச் சினைப்பையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. இது என்ன சாமான் தம்பி?"

என்னைத்தான் கேட்டார். "பூச்சாடிங்க" என்றேன்.

"கதவு இருக்கே?"

"நகைப்பெட்டியாவும் வச்சுக்கலாங்க."

"கீழ ஓட்டை இருக்கே? நகை விழுந்துறாது?"

(அது கருப்பை வாய். அளவெடுத்துச் செய்திருந்தேன். அதற்குப் போய் ஒரு மூடி போட்டிருக்கக் கூடாதா, பாவி!)

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அக்கா தேனம்மை உள்ளே வந்தார். சென்னையில் டாக்டர். என்ன டாக்டர் என்று நான் சொல்லவும் வேண்டுமா? வந்தவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பட்டுச்சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

சின்னாத்தா பெருமையாக, "பாரின் சாமான்ம்மா" என்றார்.

"பாரினெல்லாம் இல்லைங்க. உள்ளூருதான். பொம்பளைக நம்ம எல்லார் வயித்துலயும் இருக்கு. கருப்பை இது. யாரு செஞ்சாக? அச்சு அசலா இருக்கு!"

சின்னாத்தா அப்படியே ஒரு அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்பச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள் அறை வாசலில் கழுத்து நிறைய நகையோடு மீனா அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் கோபம்கூட இல்லை. பயம். எல்லாரும் உமையாள் ஆச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சொல் இப்போது வரும்.

அவர் குனிந்து பிள்ளையாரை வெளியே எடுத்தார். உள்ளே கையை விட்டு வெல்வெட்டைத் தடவினார்.

"எனக்குக் கட்டின்னு எடுத்தாகளே தேனு, அது இதா?"

"ஆமாத்தா."

"நாலு புள்ளையத் தாங்குச்சு. எடுத்துக் கடாசுறப்பக்கூட ஒருத்தரும் இதான்னு காட்டல. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு." என் பக்கம் திரும்பினார். "நீங்க வாத்தியாருதான? சொல்லுங்க தம்பி. எது எது என்ன?"

அக்கா கல்யாணத்தில், பட்டு வேட்டியோடு, வெள்ளிக் கரண்டி ஒன்றைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டு நான் பாடம் எடுத்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க தம்பி, இங்குட்டு ஒண்ணும் கேக்கல" என்று பின்னாலிருந்து ஒரு ஆச்சி அதட்டினார். இது சினைப்பை, இங்கிருந்து மாதம் ஒரு முட்டை வரும், இந்தக் குழாய் வழியாக நகரும், கரு தங்கினால் இந்த வெல்வெட்டில் ஒட்டிக்கொள்ளும், தங்காவிட்டால் வெல்வெட் உதிர்ந்து வெளியே வரும், அதுதான் தீட்டு என்று ஒதுக்கி உட்கார வைப்பது என்றேன். "அடக் கெரகமே, இம்புட்டுதானா? இதுக்கா என்னைய மாட்டுக்கொட்டகைப் பக்கம் உக்கார வச்சாக?" என்றார் ரங்கூன் ஆச்சி. அசலில் அது ஒரு கொய்யாக்காய் அளவுதான் என்றதும், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் நம்பாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கூச்சம் போய்விட்டது. கேள்வி மேல் கேள்வி. பதிலுக்கு ஒரு சிரிப்பு, சிரிப்புக்கு ஒரு கிள்ளு. நான் திணறிய இடத்தில் எல்லாம் தேனம்மை டாக்டர் கைகொடுத்தார்.

அப்போது யாரோ கேட்டார்கள்: "ஆணா பொண்ணான்னு இதுல எந்த எடம் முடிவு பண்ணுது?"

"இதில் எதுவுமே இல்லைங்க. அது அப்பாகிட்டருந்து வர்ற அணுவப் பொறுத்தது. ஆத்தாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பாடப் புத்தகத்தில் ஒரு வரி. பரீட்சையில் ஒரு மதிப்பெண்கூடப் பெறாது. அண்டா மேலிருந்து அழகம்மைச் சின்னாத்தா மெல்ல எழுந்தார். அவருக்கு மூன்றும் பெண்கள்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"அப்ப நான் வாங்குன பேச்சு? பொட்டப்புள்ளையாப் பெத்தா மலட்டுக்கு மறுபேருன்னு உங்க ஆத்தா என்னைய..." என்று தன் வீட்டுக்காரரான சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. அடுத்த வினாடி, "நீங்களா? அம்புட்டும் நீங்களா?" என்று போட்டாரே ஒரு சத்தம்! சித்தப்பா பந்தியில் பாயசம் போடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கினார். அவர் பின்னால் தூணோரம் நின்ற ஆம்பளைகள் அத்தனை பேரும் பாயசத்துக்குப் போனார்கள். வளவு முழுக்கச் சிரிப்பு. ஆத்தா சிரித்ததில் கொண்டைப்பூ கீழே விழுந்தது. உமையாள் ஆச்சி சத்தம் போட்டுச் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

மாலையில் நான் நைசாக அதைத் தூக்கப் போனேன். "தம்பி, அது மாமியார் சாமான். என்னோடது" என்று உமையாள் ஆச்சி வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் வெறுங்கையோடு கண்காட்சிக்குப் போய், தலைமையாசிரியை அம்மாவிடம் "சம்பந்தி வீட்டுக்காரங்க கொண்டுபோயிட்டாங்க" என்று சொல்லி நின்றேன். என்னத்தைக் கொண்டுபோனார்கள் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு பீரியட் ஆனது.

மீனா அக்காவுக்கு முதலில் பெண் பிறந்தது. இரண்டாவதும் பெண். ஆஸ்பத்திரி அறையில் மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர் உதட்டைப் பிதுக்கி, "அடடா, இதுவும் பொண்ணா? மருமகளுக்கு ராசி இல்லையோ?" என்று இழுத்தார். கட்டிலில் அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உமையாள் ஆச்சி பேத்தியை மடியில் வைத்துத் துணியைச் சரிசெய்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்:

"அதை எம் மகன்ட்டப் போய்க் கேளுங்க. அனுப்புனவன் அவன்தான்."

அக்கா படுத்தபடியே தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பாவம், மாப்பிள்ளை அப்போதுதான் பிளாஸ்கில் காப்பி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஏன் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் சாம்பாரில் உப்புக் கூடினாலும், கரண்ட் போனாலும், பஸ் வராவிட்டாலும், ஆத்தாவிலிருந்து அக்காவின் சின்ன மகள் வரை எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "மாப்பிள்ளையக் கேளுங்க. அனுப்புனவரு அவருதான்."