மாவுக்கட்டு அக்காவின் மரம்

எலும்பு முறிந்தவர்களை நடக்க வைப்பதைத் தொழிலாகவும், நன்றாக நடந்துகொண்டிருப்பவர்களை நடுரோட்டில் நிற்க வைப்பதைப் பொழுதுபோக்காகவும் கொண்ட ஒரே மனுஷி, இந்தப் பெங்களூரில் மாவுக்கட்டு அக்காதான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெண்கள் விடுதியில் நானும் அவரும் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். பக்கத்து எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. ஆறு நாள் அடுத்தவர்களுக்குக் கட்டுப் போடுவார். ஞாயிறன்று தனக்கே போட்டுக்கொள்வார். அதே மாவுத்துணியில் கூடு, பாறை என்று எதையாவது செய்து, சுற்றிலும் காய்ந்த குல்மோகர் நெற்றுகளைத் தொங்கவிட்டு, அணிந்துகொண்டு அல்சூர் ஏரிவரை நடப்பார். நடக்க நடக்க நெற்றுகள் மழைபோலச் சலசலக்கும். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. எதற்கு இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊர்ல இவ்ளோ ஹாரன் அடிக்குது. நடுவுல ஒரு மரம் சத்தம் போட்டா என்ன தப்பு?" என்றார்.

முதன்முதலில் நான் பார்த்தது புற்று. கழுத்திலிருந்து முழங்கால்வரை செம்மண் பூசிய கரையான் புற்று. மேலே கண்ணாடி போட்ட அக்காவின் தலை. சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் தடுத்து, இது என்னவென்று கன்னடத்தில் கேட்டார். "ஹுத்த, சார்" என்றார் அக்கா. புற்று என்று சொன்னதுதான் தாமதம், அங்கே நின்ற பூக்காரம்மா மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். இன்னொருவர் பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றினார். அக்கா அசையாமல் ஏற்றுக்கொண்டார். மாவுக்கட்டு பாலை எவ்வளவு நன்றாக உறிஞ்சும் என்பது மூன்று நாள் கழித்து எங்கள் மூக்குக்குத் தெரிந்தது.

அடுத்தது தூங்குமூஞ்சி மரம். உடம்போடு ஒட்டும் இந்தக் கட்டைத் தன் முதுகில் தானே போட முடியாதென்றும், என் அளவும் அவர் அளவும் ஒன்றுதான் என்றும் சொல்லி என்னை அச்சாக நிற்கச் சொன்னார். காய்ந்ததும் வெட்டிக் கழற்றித் தான் அணிந்துகொள்வாராம். அன்று மாலை நான்கு மணிக்கு என்னைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான ஆனேக்கலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதையாவது கெடுத்துக்கொள்ளாதே என்று அம்மா போனில் கெஞ்சியிருந்தார். காலை ஒன்பது மணிதானே என்று நானும் நின்றேன்.

உடம்பில் பழைய புடவையைச் சுற்றி, அதன்மேல் கட்டு. என் வலது கைதான் கிளை, தூக்கியபடியே இறுகிவிட்டது. இலை, நெற்று எல்லாம் கட்டி முடித்து அழகு பார்த்த பிறகுதான், கட்டு வெட்டும் கத்தரியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டது அக்காவுக்குத் தெரிந்தது. சமையலறைக் கத்தியைக் கொண்டுவரச் சொன்னேன். முறைப்படி பிரிக்காத கட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்று மறுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வார்டன் வந்து, ஆனேக்கல்காரர்கள் வாசலில் நிற்பதாகச் சொன்னார். டிராஃபிக்குக்குப் பயந்து விடிந்ததும் கிளம்பியிருக்கிறார்கள். பெங்களூர் சரித்திரத்தில் அன்று ஒருநாள் டிராஃபிக்கே இல்லை.

ஆண்களுக்கு அனுமதியில்லாததால் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அறைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொண்ணு எங்கேம்மா?"

"உள்ளதான் இருக்கா, ஆன்ட்டி" என்றார் அக்கா, மரத்தைக் காட்டி.

இலைகளுக்கு நடுவிலிருந்து சிரிக்க முயன்றேன். கைகூப்ப வழியில்லை. ஒரு கை உயரத்தில் நின்றதால், வருங்கால மாமியாரை நான் ஆசீர்வதிப்பதுபோல் இருந்தது.

ஞாயிறன்று கத்தரியை வெளியே தரமாட்டார்கள் என்பதால், கட்டைப் பிரிக்க நானேதான் போகவேண்டியிருந்தது. ஆட்டோவில் கிளை நுழையவில்லை. ஆஸ்பத்திரிவரை நடந்தோம். பெண் பார்க்க வந்து மரம் பார்த்த மாப்பிள்ளை, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சாலைக்கு நடுவில் போய், நான் கடப்பதற்காகக் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினார். நான் குட்டிக்குட்டி அடியாக வைத்தேன். ஒவ்வோர் அடிக்கும் நெற்றுகள் சலசலத்தன. பழவண்டிக்காரர் தன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வருகிறது என்பது மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பித்தது. பின்னாலும் சலசலப்புக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு கொத்து நெற்றைப் பறித்து, என் நடைக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

கட்டுப் போடும் அறையில் அக்கா கத்தரியை எடுத்தார்.

"உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேனாடி?"

அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன், இலைகளெல்லாம் உதிர்ந்தன. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கத்தரி கோணிப்போய் மரம் வீணாயிற்று.

அன்று மாலையே மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவுக்குப் போன் செய்தார். "பொண்ணு ரொம்ப அடக்கம். நிக்க வெச்ச எடத்துல நின்னுச்சு" என்றாராம். மூன்றாம் மாதம் கல்யாணம்.

இப்போதும் ஞாயிறுதோறும் ஆனேக்கலிலிருந்து பஸ் பிடித்து வந்து அக்காவுடன் நடக்கிறேன். போன வாரம் அவருக்குக் காய்ச்சல். நீ மட்டும் போய் வா என்று அனுப்பிவிட்டார். கட்டுப் போட ஆளில்லாமல், சாதாரண சுடிதாரில் ஏரிப்பக்கம் நடந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் அக்காவும் அந்தச் சலசலப்பும் இல்லாமல் நானும் எதையும் பார்க்கவில்லை. பாதி வழியில் ஆட்டோ பிடித்து, கஞ்சி வாங்கிக்கொண்டு, அவர் அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.