பெலிசாரியோ திருடிய தண்ணீர்

இந்த ஜென்மத்தில் இனிப் பச்சைத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று பெலிசாரியோ சபதம் எடுத்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்தான்.

கடுகளவு கல்தான். ஆனால் அது சிறுநீர்க் குழாயில் இறங்கியபோது அவன் போட்ட கூச்சல் ஹூச்சித்தான் ஊர்ச் சந்தை வரைக்கும் கேட்டதாம். அங்கே சோள ரொட்டி விற்றுக்கொண்டிருந்த அவன் மனைவி ஒப்துலியா, "இது எங்க வீட்டு ஆளு சத்தம்" என்று கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு ஓடி வந்தாளாம்.

டாக்டரம்மா வந்தார். "என்ன கலர்?" என்றார்.

"கறுப்புக் கலர்தான் டாக்டர். ஜில்லுனு இருக்கணும். காலையில ரெண்டு பாட்டில், மத்தியானம் சாப்பாட்டோட..."

"குடிக்கிற கலரைக் கேக்கலைய்யா. போற கலரைக் கேக்கறேன்."

பெலிசாரியோ தலையணைக்குள் முகத்தைப் புதைத்தான். ஒப்துலியா பதில் சொன்னாள்: "நல்ல மஞ்சள் டாக்டர். இவரு ஓட்டற ஆட்டோ மாதிரியே."

"தண்ணி பத்தல. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. இந்த வெயில்ல வண்டி ஓட்டறவர் இன்னும் அதிகமாவே குடிக்கணும்."

"தண்ணியில என்ன டாக்டர் இருக்கு? தவளைதான் அதுல கிடக்கும்."

"கேட்டீங்களா? கல்லுளிமங்கன் வயித்துல கல் இல்லாம பஞ்சா இருக்கும்?" என்றாள் ஒப்துலியா.

சபதம் பிறந்தது அந்த நிமிஷம்தான். அந்த ஊரில் சந்தையும் பெண்கள் கையில், சாவிக்கொத்தும் பெண்கள் கையில். ஆண்களுக்கு மிச்சம் இருப்பது இந்த மாதிரி ஒன்றிரண்டு சபதங்கள். அதையும் விட்டுக்கொடுக்க முடியுமா?

ஒப்துலியா முதலில் நேரடியாகத்தான் மோதினாள். தினமும் காலையில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். மாலையில் பாட்டில் காலியாகத் திரும்பி வந்தது. அவளுக்குச் சந்தோஷம். பிறகு தெருவில் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்: "உன் புருஷன் வண்டி என்னமா மின்னுது! தினம் கழுவுறாரோ?"

அன்று சாயங்காலம் கேட்டாள். "தண்ணி பூரா குடிச்சியா?"

"ஒரு சொட்டு விடல."

"ரொம்ப நல்லது. இனிமே உன் ஆட்டோவுக்குக் கல்லடைப்பே வராது."

அவ்வளவுதான் சொன்னாள். சாப்பாடு போட்டாள். படுத்துத் தூங்கிவிட்டாள். கத்துகிற மனைவி கத்தாமல் விட்டால் புத்தியுள்ளவன் பயப்படுவான். பெலிசாரியோ குறட்டை விட்டான்.

அடுத்த வாரம் கூடத்து மூலையில் ஈர மணல் மேல் ஒரு புது மண்பானை உட்கார்ந்திருந்தது. மேலே பூப்போட்ட துணி. துணி மேல் ஒரு சுரைக்குடுக்கை.

"என்னது இது?"

"தண்ணி."

"எனக்கா?"

"உனக்கு எதுக்கு? நீதான் குடிக்க மாட்டியே. நிக்காசியோவுக்கு. கல்யாண சீசன் பாரு, ட்யூபா ஊதி ஊதித் தொண்டை வறண்டு போகுதாம். பாவம். போற வழியில குடிச்சிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். நீ தொட்டுடாத."

நிக்காசியோ என்பவன் பின்தெருவில் இருக்கும் பேண்டு செட்டுக்காரன்; ட்யூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுபவன். ஒரு காலத்தில் ஒப்துலியாவைப் பெண் கேட்டு வந்தவன். அதைக்கூட பெலிசாரியோ பொறுத்துக்கொள்வான். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் நெஞ்சில் தைத்தது.

"என் வீடு, என் பானை. ஊதுறவனுக்கு ஊத்திக் குடுக்கணுமா?" என்று கறுவினான். அவள் சந்தைக்குப் போனதும் குடுக்கையை எடுத்துப் பாதிப் பானையை ஒரே மூச்சில் காலி செய்தான். அன்று முழுக்க ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு தண்ணீர் லாரி மாதிரி 'களக் களக்' என்றது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் வீடு அதிர்ந்தது.

"யாரு என் பானையைக் காலி பண்ணது?"

"காத்தா இருக்கும். நம்ம ஊர்க் காத்து லாரியையே கவுக்குது. பானைத் தண்ணியைக் குடிக்காதா?"

"காத்துக்கு மீசை எப்ப முளைச்சுது? குடுக்கையில முடி ஒட்டியிருக்கே!"

மறுநாள் காலையில் பெலிசாரியோ மீசையை ஒட்டக் கத்தரித்தான்.

ஒப்துலியாவோ பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். "திருடனுக்கு விவரமே இல்லடி. வெறும் அவசரக் குடுக்கை! ஒரேயடியா கவுத்துக்கிட்டா தெரியாம போயிடுமா? அப்பப்ப ஒரு குடுக்கை, ஒரு குடுக்கைன்னு எடுத்திருந்தா எனக்கு எங்க தெரியப் போகுது?"

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற பெலிசாரியோ மனசில் குறித்துக்கொண்டான்.

அதன்பிறகு அவன் தொழிலே மாறிப்போனது. காலையில் எழுந்ததும் பூனை நடை நடந்து ஒரு குடுக்கை. வண்டியைக் கிளப்புமுன் ஒரு குடுக்கை. சவாரி எந்தப் பக்கம் போனாலும் வண்டி அவன் தெரு வழியாகத்தான் போகும். "சக்கரத்துல காத்து பாத்துட்டு வந்துடறேன்" என்று ஆளை உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடுவான். ஈரமண் வாசனையோடு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது, நிக்காசியோவின் தொண்டை வறள்வதாக நினைத்துக்கொள்வான். தேனாக இனிக்கும்.

கலருக்கு வயிற்றில் இடமில்லை. மூலைக் கடைக்காரர், "என் மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டே விட்டார். மத்தியானத் தலைவலி போன இடம் தெரியவில்லை. பழிவாங்கினால் உடம்புக்கு இவ்வளவு நல்லதா என்று பெலிசாரியோவுக்கே ஆச்சரியம்.

மறுபடி பரிசோதனைக்குப் போனார்கள்.

"கல்லோட சுவடே இல்ல. நல்லா தண்ணி குடிக்கிறீங்க போல!" என்றார் டாக்டரம்மா.

பக்கத்தில் ஒப்துலியா. ஆமாம் என்றால் திருட்டு வெளிவரும். "சத்தியமா ஒரு சொட்டுக்கூட இல்ல டாக்டர்" என்றான். ஒப்துலியா விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"சரி, அடுத்தது காய்கறி. தினம் சேத்துக்கணும்."

"காய்கறியா? நான் என்ன ஆடா?"

அவளைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு சவாரி கைகாட்டியது. நிக்காசியோ. ஸீட்டில் ட்யூபா உட்கார்ந்தது, ஓரத்தில் அவன் ஒட்டிக்கொண்டான். பெலிசாரியோவால் வாயை அடக்க முடியவில்லை.

"என்னப்பா, எங்க வீட்டுத் தண்ணி கிடைக்காம ரொம்பக் கஷ்டமா?"

"எந்தத் தண்ணி?"

"அதான், ஒப்துலியா உனக்குன்னு வச்ச பானை."

"எனக்கா? உன் வாசப்படியை மிதிச்சே வருஷக்கணக்காச்சு." நிக்காசியோ தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு. கொஞ்ச நாள் முன்னாடி சந்தையில உன் பொண்டாட்டி, 'உன் பேரைக் கொஞ்சம் இரவல் குடு'ன்னு கேட்டா. ஒண்ணும் புரியல. எடுத்துக்கன்னேன்."

நடுரோட்டில் ஆட்டோ நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. பெலிசாரியோவுக்குக் காது கேட்கவில்லை.

சாயங்காலம் புயலாக வீட்டுக்குள் நுழைந்தான்.

"ஏமாத்திட்ட! கட்டின புருஷனை ஏமாத்திட்ட! இனிமே இந்தப் பானைப் பக்கமே வரமாட்டேன்!"

"சரிய்யா."

"இது சபதம்!"

"சரின்னு சொல்லிட்டேனே."

கத்திக் கத்தி நாக்கு வறண்டது. முறைத்துக்கொண்டே போய் ஒரு குடுக்கை மொண்டு, அவள் கண்ணெதிரிலேயே குடித்துவிட்டு உட்கார்ந்தான். திருடாமல் குடித்தாலும் ருசியாகத்தான் இருந்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் மீதியும் இறங்கிவிட்டது.

"நான் கோழியை அடைச்சிட்டு வரேன்" என்று எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள். "அடுப்பு மேல ஒரு தட்டு மூடி வச்சிருக்கேன். என் தம்பி வரான், அவனுக்கு. தொட்டுடாத."

"ஓஹோ, உன் தம்பிக்கா!" என்று பெலிசாரியோ தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அவசர அவசரமாக அள்ளிப் போட்டான்.

கடைசி வாயை விழுங்கிய பிறகுதான் தெரிந்தது, தின்றது அத்தனையும் அவித்த சௌசௌக்காய்.