சேம்பர் கதவில் ஒரு பொட்டு

சேம்பர் கதவில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதிப் பட்டை. நடுவில் ஒரு ரூபாய் அளவு குங்குமப் பொட்டு. சுகன்யா முகக்கவசத்துக்குள்ளேயே "அய்யோ" என்றாள்.

மணி ஒன்பதரை. பதினொன்றுக்குக் கோயம்புத்தூர் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். அவர்களுடைய குட்டிச் செயற்கைக்கோளின் மாதிரிப் பெட்டி நேற்று மாலை, சுகன்யா பஸ் பிடிக்கப் போன பிறகு வந்து சேர்ந்திருந்தது. விண்வெளியின் வெற்றிடத்தையும் குளிரையும் சேலத்திலேயே காட்டிவிடும் இரும்புப் பீப்பாய்தான் சேம்பர். இன்று அதற்கு முதல் வேலை.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த அந்த விண்வெளித் தொழில்நுட்ப நிலையத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி, நிறுவனங்களுக்குச் சோதனை. சேம்பர் இருக்கும் அறையில் தூசி கூடாது. அதைக் காவல் காப்பதுதான் சுகன்யாவின் உத்தியோகம். அதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் அறையை வகுப்பறையாக்கிவிடப் போவதாக உரிமையாளர் சிவபிரகாஷ் சொல்லியிருந்தார். வகுப்பறைத் தூசிக்குக் காவல் தேவையில்லை.

"மாரியாயிக்கா! இதை நீங்கதான வச்சீங்க?"

துப்புரவு பார்க்கும் மாரியாயி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். "நான் எதுக்குங்க வக்கிறேன்? அந்த வெள்ளக் கோட்டு, முகமூடியெல்லாம் மாட்டப் பயந்தே உள்ளார வாரதில்லீங்க."

"அப்ப யாரு?"

"யாரோ நல்லது நெனச்சு வச்சிருக்காங்க. வச்ச பொட்டை அழிக்காதீங்க சாமி."

சுகன்யா தயங்கினாள். அவளுடைய ஸ்கூட்டியிலும் பொட்டு இருந்தது. ஆனால் ஸ்கூட்டியில் யாரும் தூசியை எண்ணிப் பார்ப்பதில்லை. உலர்ந்த துணியை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

விபூதி புகையாக எழுந்தது. சுவரில் இருந்த தூசி எண்ணும் கருவி ஆறாயிரத்திலிருந்து நாற்பதாயிரத்துக்குத் தாவியது. எல்லை பத்தாயிரம்.

ஈரத்துணி போட்டாள். குங்குமம் கரைந்து வெள்ளைக் கதவில் கோடு கோடாக வழிந்தது.

பயிற்சி மாணவன் கவின் எட்டிப் பார்த்தான். "என்ன மேடம், கெடாவெட்டா? ஒரு வார்த்த சொல்லவேயில்ல."

"வாய மூடிட்டு ஸ்பிரிட்டை எடு."

ஸ்பிரிட் பட்டதும் கதவு முழுக்க ரோஜா நிறமானது. அறை ஆஸ்பத்திரியாக மணந்தது. வாசம் போகட்டும் என்று கவின் பக்கத்து வகுப்பின் மேசை விசிறியைத் தூக்கி வந்து, அவள் தடுப்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டான். அந்த விசிறியை இரண்டு வருடமாக யாரும் துடைக்கவில்லை.

கருவி சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்தியது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"நான் அப்பவே சொன்னனுங்க" என்றாள் மாரியாயி.

"மேடம், அந்தக் கருவிய ஒரு பாலிதீன் கவர்ல போட்டுக் கட்டிட்டா ஜீரோ காட்டும்" என்றான் கவின்.

"உன்னையக் கட்டிருவேன். ஓடிப் போ."

சரியாகப் பதினொன்றுக்கு அதிகாரி நாச்சிமுத்து வந்தார். கையில் இருபது பக்கப் படிவம், சிரித்துப் பழகாத முகம். கோட்டு, தலையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், கருவியைப் பார்க்கவில்லை. நேராகக் கதவைப் பார்த்தார்.

"இது ஏனுங்க இந்தக் கலர்ல இருக்குது?"

சுகன்யாவுக்குப் பொய் வரவில்லை. "சார், யாரோ ஒரு அறிவு கெட்டவங்க இதுல விபூதி குங்குமம் வச்சிட்டாங்க. தொடைக்கப் போயி இப்படி ஆயிருச்சு."

நாச்சிமுத்து இருமினார். "யாருன்னு தெரியலீங்களா?"

"தெரிஞ்சா இந்த ரூம் பக்கமே விட மாட்டேன் சார். ஒரு துளி உள்ள போயிருந்தா உங்க பெட்டியில இருக்கற கேமரா என்னாகறது? படிச்சவங்க செய்யற வேலையா இது?"

அவர் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டார். கருவி எண்பதாயிரத்தில் நின்றது. வேலை போயிற்று என்று சுகன்யா முடிவு கட்டிவிட்டாள்.

"ஃபில்டர் ஓடட்டுங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாத் தன்னால எறங்கிரும். நான் இருந்து பாத்துட்டே போறேன்" என்றார் நாச்சிமுத்து, தரையைப் பார்த்தபடி.

ஒன்றரை மணி நேரம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பிய பையனைப் போல உட்கார்ந்திருந்தார். கருவி ஒன்பதாயிரத்து எண்ணூறுக்கு இறங்கியதும் ஒரு குறை கூட எழுதாமல் இருபது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். டீயும் குடிக்காமல் காருக்கு விரைந்தார்.

"தங்கமான மனுசனுங்க" என்றாள் மாரியாயி.

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப் பொறுமையான அதிகாரியை அவள் பார்த்ததே இல்லை.

அப்போது அவருடைய கார் டிரைவர் காளியப்பன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"மேடம், நேத்துப் பெட்டிய எறக்கறப்ப எங்க சார் வச்சதுதானுங்க அது, அது இல்லாம மொத ஓட்டம் ஓடக் கூடாதாமா, அதான் மறுக்கா வச்சுட்டுப் போக, இன்னைக்கு நீங்க எத்தன மணிக்கு ஊட்டுக்குக் கெளம்புவீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."